கழற்றாத சக்கரம்

என் அண்ணியோடு பதினோரு வருடமாக ஒரே வீட்டில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் பாதி நாள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. வந்த முதல் வாரமே சமையலறை அலமாரியை அவள் மாற்றி அடுக்கினாள். நான் பழையபடி அடுக்கினேன். அவள் மறுபடி மாற்றினாள். அந்த அலமாரி இன்றைக்கும் அவள் அடுக்கியபடிதான் இருக்கிறது. என் அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவன். ஒரு மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவான். வீட்டில் மட்டும் எங்கள் இருவரையும் பார்க்காதவன்போல் இருந்துவிடுவான், அதனால்தான் பிழைத்தான்.

போதாக்குறைக்கு எங்கள் இருவருக்கும் வேலையும் ஒரே இடத்தில். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் செய்கிற நிலையம் அது. மேட்டின் உச்சியில் இருக்கிறது. வாரம் மூன்று முறை நோயாளிகளை வீட்டிலிருந்து அழைத்துவரவும் திரும்பக் கொண்டுபோய் விடவும் ஐந்து கார்கள். மூன்றாம் நம்பர் காரை ஓட்டுகிறவள் அண்ணி. எந்தக் கார் எத்தனை மணிக்கு யாரை ஏற்றிக்கொண்டு போகிறது என்று வாசல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறவள் நான். வண்டி கிளம்புவதற்கு முன் ஓட்டுநர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 'வாகனம் நல்ல நிலையில் உள்ளது, சரிபார்த்தேன்' என்று அதில் அச்சடித்திருக்கும். மற்ற நான்கு பேரும் அதைப் படித்ததே இல்லை. ஒருவர் போனில் பேசிக்கொண்டே என் மேசை விரிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் உண்டு.

அண்ணி அப்படியில்லை. காரைச் சுற்றி வருவாள். குனிவாள், டார்ச் அடிப்பாள், டயரைத் தட்டுவாள், மூடியைத் திறந்து எண்ணெய் பார்ப்பாள். கால் மணி நேரம் ஆகும். நோயாளி உட்கார்ந்திருப்பார், மேலாளர் மணியைப் பார்ப்பார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'என்னவோ விமானம் ஓட்டப் போற மாதிரி' என்று ஒருநாள் சொல்லியும் விட்டேன். 'விமானம்னா பிரேக் இல்லாம கொஞ்ச நேரம் மேலயே சுத்தலாம்' என்றாள்.

என் நெயில் பாலிஷ் விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆசைப்பட்டு வாங்கிய அடர்சிவப்பு பாட்டில் ஒன்று ஒருநாள் காணாமல் போயிற்று. மூன்று நாள் தேடினேன். நான்காம் நாள் மூன்றாம் நம்பர் காரின் சக்கரத்தில் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் சக்கரம் வரைக்கும் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தாள். நட்டு தளர்ந்து லேசாகத் திரும்பினாலும் கோடு உடைந்துவிடும், பார்த்ததும் தெரிந்துவிடும் என்று விளக்கம் வேறு.

"அதுக்கு என் பாலிஷ்தான் கெடச்சுதா அண்ணி?"

"உன்னோடதுதான் சீக்கிரம் காயுது."

அன்றிலிருந்து மற்ற ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'பாலிஷ்'. 'பாலிஷ் வந்தாச்சா, நட்டுக்கெல்லாம் அலங்காரம் முடிஞ்சுதா' என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. உண்மையைச் சொன்னால், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

இவ்வளவு சந்தேகம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. முன்பு ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டினாள். அங்கேயும் ஒரு தாள், அங்கேயும் கையெழுத்து. வேன் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று மூன்று நாள் சொல்லிப் பார்த்தாள். 'சரி பண்ணியாச்சு, போட்டுட்டு கெளம்பும்மா' என்றார்கள். நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். நாலாவது தெருவில் ஸ்டியரிங் கையோடு சுற்றியது, சக்கரம் திரும்பவில்லை. வேன் ஒரு மதிலில் போய் மோதியது. ரொட்டி தெருவெல்லாம் சிதறிக் கிடந்தது, அவளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளிடம் முதலாளி அந்தத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். 'இது உன் கையெழுத்துதானே' என்றார். அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. எந்த வாய்க்கும் பயப்படாத என் அண்ணி அன்றைக்கு வாயடைத்துக் கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவளிடம் யாரும் ஒரு ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. இந்த வேலை கிடைத்த அன்று வீட்டுக்கு வந்து பழைய தீட்டைக் கழுவுகிறவள்போல இரண்டு தடவை குளித்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். மேட்டிலிருந்து இறங்கும்போது, பள்ளிக்கூட வளைவில் பிரேக்கை அழுத்தியபோது, அவள் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. நடுவில் ஒரு வட்டம், இரண்டு பக்கமும் விட்டு விட்டு ஒரு வளைகோடு. சக்கரத்தைக் கவ்வி நிறுத்துகிற பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று சொல்கிற விளக்கு. மதியத்துக்குள் அது அணையாமல் எரிய ஆரம்பித்தது.

அண்ணி வரிசையாகப் பார்த்தாள். ஹேண்ட் பிரேக்கை ஏற்றி இறக்கினாள். அதற்கு வேறு விளக்கு, அது சிவப்பு. மூடியைத் திறந்து பிரேக் எண்ணெய் பார்த்தாள். கீழ்க்கோட்டுக்கு மேலேதான் இருந்தது, ஆனால் அவள் பாலிஷால் போட்டிருந்த அடையாளத்துக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. எங்கேயும் ஒழுகவில்லை. பேட் தேயத் தேய எண்ணெய் ஒரு சொட்டுகூட ஒழுகாமலே இறங்குமாம். கடைசியாகச் சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பேடைப் பார்த்தாள். அது கொழுகொழுவென்று இருந்தது.

மற்ற ஓட்டுநர்களும் ஆளுக்கு ஒரு தடவை குனிந்து பார்த்தார்கள். நிமிர்ந்ததும் ஆளுக்கு ஒரு தீர்ப்பு சொன்னார்கள். சென்சார் போய்விட்டது, பேட் புதுசுபோல் இருக்கிறது, விளக்கைப் பார்த்துப் பயப்படாதே, ஓட்டு என்று.

"நாம பாக்கறது வெளிப்பக்க பேட்" என்றாள் அண்ணி. "ஒரு சக்கரத்துக்கு ரெண்டு பேட். உள்பக்கம் இருக்கறத யார் பாத்தீங்க? சென்சார் கம்பி அதுலதான் இருக்கு."

யாரும் பார்த்திருக்கவில்லை. பார்க்க வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். எல்லா ஓட்டுநர்களும் தலைமுறை தலைமுறையாக அந்த இடைவெளியில் டார்ச் அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள்தான்.

மேலாளருக்கு வேறு கவலை. என் அறைக்கு வெளியே ஒரு பலகை தொங்குகிறது. 'பழுதின்றி ஓடிய நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் ஓர் எண். தினம் காலையில் சாக்பீஸால் அதை மாற்றுகிறவள் நான்தான். அன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. வருகிற விருந்தாளி, அதிகாரி எல்லோரையும் அந்தப் பலகை முன்னால் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே அழைத்துப் போவார். ஒரு வண்டி பழுது என்று படுத்தால் எண் பூஜ்யத்துக்குப் போக வேண்டும். பட்டறைக்கு அனுப்பி ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டால் அது பழுதில்லை, 'பராமரிப்பு'. இது அவர் கண்டுபிடித்த கணக்கு.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கார் அடுத்த தெருப் பட்டறைக்குப் போயிற்று. நாற்பது நிமிடத்தில் பட்டறைக்காரர் போன் செய்தார். "முன்பக்கம் ரெண்டு சக்கரத்துலயும் பேட் மாத்தியாச்சு, எழுதிக்கோங்கம்மா" என்றார். எழுதிக்கொண்டேன். என் அழகான கையெழுத்தில், தேதி போட்டு, 'பிரேக் பேட் மாற்றப்பட்டது' என்று எழுதினேன். காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். மஞ்சள் விளக்கு எரியவில்லை. மேலாளர் பலகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு அண்ணியின் காரில் போக வேண்டிய நோயாளி, ஒரு தையல்காரர், சிகிச்சை முடிந்து வெளியே வந்தார். அறுபது வயது, நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்த களைப்பு, ஊசி குத்திய இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார். அவரை மேட்டிலிருந்து இறக்கி வீட்டில் விட வேண்டும். அண்ணி வழக்கம்போலக் காரைச் சுற்றினாள். முன்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். பிறகு நேரே என் ஜன்னலுக்கு வந்தாள்.

"பேட் மாத்தியாச்சுன்னு யாரு எழுதினது?"

"நான்தான்."

"நீ பாத்தியா?"

"அவரு சொன்னாரு. விளக்கும் அணைஞ்சிருச்சே அண்ணி. கையெழுத்துப் போடுங்க, அவரு ரொம்ப நேரமா உக்காந்திருக்காரு."

"சக்கரத்தக் கழட்டவே இல்ல" என்றாள்.

பணத்துக்காக இன்னும் வாசலில் காத்திருந்த பட்டறைக்காரர் சிரித்தார். கழற்றாமல் எப்படிம்மா பேட் மாற்றுவது என்றார். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றாள் அண்ணி. சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். அவரைச் சக்கரத்தின் பக்கம் அழைத்துப் போய்க் காட்டினாள். ஐந்து நட்டு, ஐந்து சிவப்புக் கோடு. ஒன்றிலும் கீறல் இல்லை. அந்தப் பக்கமும் அப்படியே.

"திருப்பி மாட்டும்போது அதே எடத்துல வந்து நின்னிருக்கும்" என்றார் பட்டறைக்காரர்.

"பத்து நட்டும் சொல்லி வச்ச மாதிரி அதே எடத்துல வந்து நின்னுச்சா? காஞ்ச பாலிஷ் ஒடையாம? அவ்வளவு பதவிசா நட்டு கழட்டறவர நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. கைய காட்டுங்க, கும்பிட்டுக்கறேன்."

மேலாளருக்கு முகம் சிவந்தது. எல்லார் முன்னாலும் நடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்கம்மா. விளக்கு அணைஞ்சிருச்சு. பட்டறையும் சொல்லியாச்சு, பதிவும் ஆச்சு. உங்க நெயில் பாலிஷ நம்பி நான் வண்டிய நிறுத்த முடியாது. கையெழுத்துப் போட்டு எடுங்க. இல்லன்னா பணி மறுப்புன்னு எழுதுவேன்."

பணி மறுப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். போன வருடம் ஒருவர் மேல் எழுதினார்கள். அடுத்த மாதம் அவர் வேலையில் இல்லை. அண்ணிக்கும் தெரியும். இன்னொரு தடவை யார் அவள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கப்போகிறார்கள்? ஜன்னல் வழியே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, ஒரு கையெழுத்துதானே. மெதுவா ஓட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க. நாளைக்குப் பேசிக்கலாம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கோபம் இல்லை. 'நீயுமா' என்கிற மாதிரி ஒரு பார்வை. என் கையை எடுத்துவிட்டாள்.

"எழுதுங்க சார்" என்றாள். "நல்லா எழுதுங்க. காரணத்தையும் சேத்து எழுதுங்க."

அவர் எழுதினார். 'மூன்றாம் எண் வாகன ஓட்டுநர் பணி செய்ய மறுத்தார்' என்று ஒரே வரி. காரணம் எழுதவில்லை. சாவியைக் கொடுங்கள், வேறு ஆள் ஓட்டட்டும் என்று கையை நீட்டினார். அண்ணி சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். பிறகு டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுத்தாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நிலையத்தின் வாசலிலேயே, பட்டப்பகலில், உள்ளே போகிறவர் வருகிறவர் எல்லோரும் சுற்றிக்கொண்டு போகும்படி நடந்தது. பின்சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தினாள். முதல் நட்டு திரும்பியதும் சிவப்புக் கோடு சின்னச் சின்னச் சில்லாக உதிர்ந்தது. "பாத்தீங்களா, இப்படித்தான் ஒடையும்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை உருவிச் சுவரில் சாய்த்தாள்.

வெளிப்பக்க பேட் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. தையல்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். களைப்பிலும் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் அளவு நாடாவை எடுத்தது. குனிந்து வைத்துப் பார்த்துவிட்டு, "ஒன்பது மில்லிமீட்டர் இருக்கும்மா" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

மேலாளர் சத்தமாகவே சிரித்தார். "போதுமா? திருப்தியா?" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பட்டறைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மெதுவாக வெளிவாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்.

"எங்க போறீங்க? இருங்க" என்றாள் அண்ணி. "இன்னும் பாதிதான் பாத்திருக்கோம்."

ஸ்பேனரால் கீழே ஒரு போல்ட்டைக் கழற்றினாள். பேடுகளைக் கவ்விப் பிடித்திருக்கும் இரும்புப் பெட்டியை மேலே தூக்கப் பார்த்தாள். அசையவில்லை. பிரேக்கை அழுத்தும்போது பக்கவாட்டில் நகர்ந்து இரண்டு பேடையும் சமமாக அழுத்துவதற்காக அதற்கு இரண்டு கம்பிக் கால்கள் உண்டு, அதில் ஒன்று துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. அதனால் பிரேக்கை எப்போது அழுத்தினாலும் உள்பக்க பேட் மட்டும் தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்கத்தது சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறது. காலால் ஓர் உதை விட்டாள். பெட்டி எழும்பியது. உள்பக்க பேடை உருவி எடுத்துத் தையல்காரர் கையில் கொடுத்தாள்.

அவர் நாடாவை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"இதுல அளக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். "வெறும் தகடு."

பேட் என்று சொல்ல அதில் எதுவும் இருக்கவில்லை. இரும்பு இரும்பைத் தேய்த்து, சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் தட்டின் உள்முகத்தில் விரல் வைத்தால் இறங்குகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அண்ணி சென்சார் கம்பியைப் பிடித்து இழுத்தாள். அறுந்த இரண்டு முனைகளையும் யாரோ ஒன்றோடொன்று முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். கம்பி அறுந்தால் விளக்கு எரியும், சேர்த்துவிட்டால் அணைந்துவிடும். நாற்பது நிமிடத்தில் நடந்த வேலை அவ்வளவுதான். சக்கரத்தைக் கழற்றாமல், ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடித்துவைத்து, இடுக்கில் கையை விட்டு முடித்திருக்கிறார்கள். உடம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்த மனிதரை இதில் உட்காரவைத்து மேட்டிலிருந்து இறக்கச் சொல்லி, நானும் ஒரு கையால் தள்ளியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் வேறு.

மேலாளரும் பார்த்தார். சிரிப்பு போயிற்று. பட்டறைக்காரரைப் பார்த்து இரண்டு வார்த்தை கத்தினார். பட்டறைக்காரர், "நீங்கதான சார் ஒரு மணி நேரத்துக்குள்ள வேணும்னீங்க, இன்னிக்கு பேட் இருப்பு இல்லன்னு நான் சொன்னேனே" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள்.

மேலாளர் பேச்சை மாற்றினார். குரல் சர்க்கரையாயிற்று. "சரிம்மா, நல்ல வேளை நீங்க பாத்தீங்க. இவர ரெண்டாம் நம்பர்ல அனுப்பிடலாம். அந்தத் தாள மறந்துருங்க, கிழிச்சுடறேன்" என்று பணி மறுப்பு எழுதிய தாளை எடுத்தார்.

அண்ணி கிரீஸ் கையோடு அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழிக்காதீங்க."

"உங்களுக்கு நல்லதுதானம்மா சொல்றேன்."

"எனக்கு நல்லது எதுன்னு எனக்குத் தெரியும் சார். நான் மறுத்தது நெசம். அது தாள்ல இருக்கட்டும்."

என் மேசைக்கு வந்து பேனாவை எடுத்தாள். அவர் எழுதிய ஒற்றை வரிக்குக் கீழே, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நிறுத்தி நிறுத்தி எழுதினாள். 'ஆம், மறுத்தேன். காரணம்: முன்சக்கரத்தின் உள்பக்க பேட் இல்லை. சென்சார் கம்பி முறுக்கப்பட்டுள்ளது. சக்கரம் கழற்றப்படவில்லை.' கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் கிரீஸ் அச்சாகப் பதிந்தது. தையல்காரர் எனக்கும் பேனாவைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, 'அளந்து பார்த்தேன்' என்று எழுதித் தன் பெயரைப் போட்டார்.

பிறகு அண்ணி தாளை என் பக்கம் திருப்பினாள். போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மேலாளர் என்னைப் பார்த்தார். "நீங்க இதுல தலையிடாதீங்க. வீட்டு விஷயத்த வீட்டுல வச்சுக்கோங்க" என்றார்.

எனக்கு அந்த வார்த்தையில்தான் சுருக்கென்றது. பதினோரு வருடச் சண்டையும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"இது வீட்டு விஷயம் இல்ல சார்" என்றேன். "பேட் மாத்தியாச்சுன்னு எழுதினது நான். பாக்காம எழுதினேன். அது தப்பு."

அதையே எழுதினேன். 'பட்டறைக்காரர் போனில் சொன்னதை நான் பார்க்காமல் பதிந்தேன்.' கையெழுத்துப் போட்டேன். இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் போட்ட கையெழுத்துகளில் எதற்கு அடியில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்து போட்டது அது ஒன்றுதான். மேலாளருக்கென்று ஓர் இடம் மீதி இருந்தது. அவர் போடவில்லை. சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்கு அதை அப்படியே, அந்த இடம் காலியாக இருக்கும்படியே, அனுப்பினேன்.

அதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது. வெளியே போய்ப் பலகையிலிருந்த இருநூற்றுப் பதிமூன்றைத் துடைத்தேன். மேலாளர் பின்னாலேயே வந்தார்.

"அத யாரு அழிக்கச் சொன்னது?"

"தினம் நான்தான சார் எழுதறேன்" என்றேன்.

பூஜ்யம் போட்டேன். அண்ணி சுவரில் சாய்ந்திருந்த சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து, பழந்துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் காலை ஆறரைக்கு அடுத்த நோயாளியை அழைத்துவரத் தான் வருவதாகவும், பிரேக் உள்ள காராக ஒன்று நிறுத்திவைக்கும்படியும் மேலாளரிடம் ஏற்கனவே சொல்லியிருந்தாள். வருவாயா என்று யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தாள். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு" என்றாள். "மேட்டுக்குக் கீழ இருந்து பாத்தாலும் தெரியட்டும்."